முகங்கொடுத்துப் பேசுவது மனத்துக்கு என்ன செய்கிறது?

கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் உங்கள் தந்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அம்மா காலமாகி ஓராண்டு ஆகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கப் படம் அனுப்பிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பெங்களூருவிலிருந்து அழைத்தால், "சாப்பிட்டாச்சு, மாத்திரை போட்டாச்சு, வைக்கட்டுமா?" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொள்கிறார். பிறரோடு பேசிப் பழகுவதற்கும் மனநலத்துக்கும் மெய்யாகவே தொடர்பு உண்டா, அல்லது 'நாலு பேரோடு பழகினால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது ஊரார் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல்தானா என்பது உங்கள் கேள்வி.

தொடர்பு உண்டு. ஆனால் அது ஊரார் நினைப்பதைவிடச் சற்றுச் சிக்கலானது. எத்தனை பேரோடு எவ்வளவு நேரம் பேசினோம் என்ற கணக்கைக் காட்டிலும், நாம் பேசியதற்கு எதிரில் இருப்பவரிடமிருந்து என்ன பதில் வந்தது என்பதே மனத்தைத் தேற்றுவதாகவோ வாட்டுவதாகவோ இருக்கிறது. மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையிலும், இத்துறை ஆய்வுகளைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தனியாக இருப்பது வேறு, தனிமையை உணர்வது வேறு. கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேருக்கு நடுவே இருந்துகொண்டு, 'என்னிடம் பேச ஒருவரும் இல்லை' என்று சொல்லும் மருமகளையும் மாமியாரையும் ஒரே வாரத்தில், சில சமயம் ஒரே வீட்டிலிருந்தே, பார்த்திருக்கிறேன். தோட்டத்து வீட்டில் ஒண்டியாக இருந்துகொண்டு மனநிறைவோடு வாழ்பவர்களும் உண்டு. ஆய்வாளர்களும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். உறவினர், நண்பர், சங்கம், கோயில் என்று தொடர்புகளை எண்ணுவது ஒன்று. 'என்னைப் புரிந்துகொள்பவர் யாரும் இல்லை என்று எத்தனை முறை தோன்றுகிறது?' என்பதுபோல உள்ளுணர்வைக் கேட்டறிவது மற்றொன்று.

முதல் வகைக் கணக்கெடுப்பில் பலரும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அலமீடா மாவட்டத்தில் நடந்த ஆய்வு. அங்கே 1965-இல் 6,928 பேரிடம் விவரம் கேட்டு, அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அவர்களில் யார் யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். மணவாழ்க்கை, நண்பர்களோடும் உறவினர்களோடும் தொடர்பு, தேவாலயம், பிற அமைப்புகள் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டபோது, மிகக் குறைந்த தொடர்புகள் கொண்ட ஆண்கள் மிக அதிகத் தொடர்புகள் கொண்டவர்களைவிட 2.3 மடங்கும், பெண்கள் 2.8 மடங்கும் கூடுதலாக இறந்திருந்தனர் என்று லிசா பெர்க்மனும் லியனார்ட் சைமும் 1979-இல் எழுதினார்கள். புகைபிடித்தல், குடி, உடற்பருமன் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் அந்த வேறுபாடு மறையவில்லை. 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை, அதாவது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உறுதியான உறவுத் தொடர்பு உடையவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு அதிகம் என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையோ உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துகிறார் என்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 இறப்புகள் இதனோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிடுகிறது.

இந்த எண்களைப் படித்துவிட்டு யாரும் பதற வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மனச்சோர்வு வந்தவர் தாமாகவே பேச்சைக் குறைத்துக்கொள்வார். நோயில் விழுந்தவர் கூட்டத்தைத் தவிர்ப்பார். ஆகவே பேச்சுக் குறைந்ததால் மனம் கெட்டதா, மனம் கெட்டதால் பேச்சுக் குறைந்ததா என்பதை இத்தகைய கணக்கெடுப்புகளால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் என்பதுதான் நாங்கள் புறநோயாளிப் பிரிவில் காண்பது. இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள, பேச்சை வேண்டுமென்றே நிறுத்தியும் கொடுத்தும் பார்த்த சோதனைகளை நோக்க வேண்டும்.

நிறுத்திப் பார்த்த சோதனைகளில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்தது. ஒரு தாய் தன் சில மாதக் குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொல்லி வைத்தபடி, முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. குழந்தை முதலில் சிரித்துக் காட்டுகிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது, அம்மாவை மறுபடி விளையாட்டுக்குள் இழுக்கத் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்க்கிறது. எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உடல் துவள்கிறது, பல குழந்தைகள் அழத் தொடங்குகின்றன. இவ்வளவும் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள். 'முகங்கொடுத்துப் பேசுவது' என்று தமிழில் நாம் சொல்வது எதை என்று எவராவது என்னிடம் கேட்டால், இந்தச் சோதனையைத்தான் சொல்வேன்.

பெரியவர்களுக்கும் இது மாறிவிடுவதில்லை. கிப்லிங் வில்லியம்ஸ் என்பவர் ஒருமுறை பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, அங்கே விளையாடிக்கொண்டிருந்த இருவரின் எறிதட்டு அவர் அருகில் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார், அவர்களும் அவரைச் சேர்த்துக்கொண்டு சில முறை எறிந்துவிட்டு, திடீரென்று அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத இருவர் செய்த இந்தச் சிறு புறக்கணிப்பு தம்மை இவ்வளவு வருத்துகிறதே என்று வியந்த அவர், அதையே கணினியில் பந்தெறியும் விளையாட்டாக மாற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். சில நிமிடம் பந்து வராமல் போனாலே, 'நான் வேண்டப்பட்டவன்' என்ற உணர்வும் தன்மதிப்பும் சரிகின்றன. எதிரில் விளையாடுவது மனிதரே இல்லை, கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் சரிகின்றன! 2003-இல் நேயமி ஐசன்பர்கரோடு சேர்ந்து அவர் செய்த மூளைப் படச் சோதனையில், உடல் வலியின் துன்பத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி அந்த நேரத்தில் கூடுதலாக இயங்கியதும் தெரிந்தது. அந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள் 13 பேர்தான். அந்தப் பகுதிக்கு வேறு பல வேலைகளும் உண்டு. எனவே 'புறக்கணிப்பும் உடல் வலியும் ஒன்றே' என்று எழுதுபவர்களை நான் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும், 'அடிக்கவா செய்தேன், பேசாமல்தானே இருந்தேன்' என்று சொல்லும் கணவர்களும் மாமியார்களும் தாங்கள் மென்மையான தண்டனை தந்துவிட்டதாக நினைப்பது சரியில்லை.

இங்கே உங்கள் தந்தைக்குப் பொருந்தும் ஒரு செய்தி இருக்கிறது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் தனிமையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் கசியோப்போ, தனிமையுணர்வைப் பசியைப் போன்ற ஓர் எச்சரிக்கை என்றே கருதினார். பசித்தவன் சோற்றைத் தேடிப் போவான். தனிமையில் நெடுநாள் கிடந்த மனமோ ஆட்களைத் தேடிப் போவதற்குப் பதிலாக, 'இவர்கள் என்னை ஒதுக்கிவிடுவார்கள், நான் இவர்களுக்குத் தொந்தரவு' என்று காவல் காக்கத் தொடங்குகிறது. 'வைக்கட்டுமா?' என்று அவர் முந்திக்கொண்டு கேட்பது, நீங்கள் வைக்கும் முன் தாமே வைத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தினாலும் இருக்கலாம். தனிமையைக் குறைக்கும் முயற்சிகளை ஒப்பிட்டு 2011-இல் வெளிவந்த தொகுப்பாய்விலும், ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு ஏற்படுத்துவதைவிட, இந்தத் தவறான எதிர்பார்ப்பை மாற்ற முயன்றவையே கூடுதல் பலன் தந்திருந்தன. மூத்த குடிமக்கள் மன்றத்தில் பெயர் கொடுத்து, ஆண்டுச் சந்தாவும் கட்டிவிட்டு, 'அப்பா போகவே மாட்டேன் என்கிறார்' என்று குறைப்படும் பிள்ளைகளிடம் நான் இதைத்தான் விளக்குகிறேன்.

இனி, பேச்சைக் கொடுத்துப் பார்த்தவர்களின் கதைக்கு வருவோம். லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978-இல் ஒன்றைக் காட்டினார்கள். இழப்பு, பிரிவு போன்ற பெரிய அடி விழும்போது, மனம் விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாத பெண்களே மனச்சோர்வுக்கு எளிதில் ஆளானார்கள். அந்த ஒருவர் இருந்துவிட்டால் அடியின் வேகம் பெரிதும் தணிந்தது. பத்து நண்பர்கள் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படி ஒருவர் இல்லாதவருக்கு அவரை ஏற்பாடு செய்து தர முடியுமா? ஜிம்பாப்வே நாட்டில் முடிந்திருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருவர், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே இருந்து, பிறகு தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த நாட்டில் இருந்த மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மருத்துவமனைக்கு மக்கள் வர முடியாவிட்டால் மக்கள் இருக்கும் இடத்துக்குச் சிகிச்சை போக வேண்டும் என்று தீர்மானித்த சிபாண்டாவுக்கு 2006-இல் ஹராரே நகரின் இம்பாரே பகுதியில் கிடைத்தவர்கள் 14 பாட்டிமார். சுகாதாரப் பணியில் தன்னார்வலர்களாக இருந்தவர்கள். பெரிய படிப்பு இல்லாதவர்கள். உட்கார்ந்து பேச அறையும் இல்லை. எனவே சுகாதார நிலையத்துக்கு வெளியே, மர நிழலில், ஒரு மர பெஞ்சு போட்டார்கள். 'மனநல பெஞ்சு' என்று மருத்துவர் பெயர் வைத்தபோது அதில் வந்து உட்கார ஆளில்லை. 'யார் வருவார்கள் அந்தப் பெயரில்? நட்பு பெஞ்சு என்று வையுங்கள்' என்று சொன்னவர்கள் பாட்டிமார்களே.

அவர்கள் நோயின் பெயரையும் மாற்றினார்கள். மனச்சோர்வு, பதற்றம் என்ற மருத்துவச் சொற்களுக்குப் பதிலாக ஷோனா மொழியில் மக்கள் சொல்லும் 'குஃபுங்கிசிசா' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள். நம் ஊரில் மருத்துவர் முன்னால் வந்து உட்கார்ந்ததும், 'ஒரே யோசனையா இருக்குங்க, ராத்திரி தூக்கம் வரல' என்று தொடங்குகிறார்களே, அதே சொல். பெஞ்சில் நடப்பது வெறும் ஆறுதல் பேச்சு அன்று. வந்தவர் தம் கஷ்டங்களை எல்லாம் சொல்கிறார்; பாட்டி கேட்கிறார்; இதை அவர்கள் 'மனத்தைத் திறப்பது' என்கிறார்கள். பிறகு அந்தக் கஷ்டங்களில் எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று வந்தவரே தேர்ந்தெடுக்கிறார். அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது, 'அன்றைக்குச் சொன்னீர்களே, போய்க் கேட்டீர்களா?' என்று பாட்டி நினைவு வைத்துக் கேட்கிறார். ஆறு முறை பேசி முடித்தபின், அதே ஊரில் இப்படிப் பேசித் தேறியவர்கள் கூடி, பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னிக்கொண்டே பேசும் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2016-இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, 14 கேள்விகள் கொண்ட அளவுகோலில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் சராசரி ஏறத்தாழ 9-ஆக இருக்க, பெஞ்சில் பேசியவர்களின் சராசரி 4-க்கும் கீழே இருந்தது. மதிப்பெண் குறையக் குறைய மனம் தேறியிருக்கிறது என்று பொருள்.

பெஞ்சும் ஆறு அமர்வும்கூட வேண்டாம், 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று விடாமல் விசாரிப்பதே போதுமா என்று பார்த்தவர்களும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஜெரோம் மோட்டோ என்ற மருத்துவர், மனச்சோர்வினாலோ தற்கொலை எண்ணத்தினாலோ மருத்துவமனையில் இருந்துவிட்டு, பின்னர் தொடர்சிகிச்சை வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்ட 843 பேரை இரு பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியினருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகளில் 24 சிறு கடிதங்கள் போயின. நீங்கள் இங்கிருந்து போய்ச் சில காலம் ஆகிறது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்பதற்கு மேல் அவற்றில் அதிகம் இல்லை. அறிவுரை இல்லை, 'வந்து பாருங்கள்' என்ற வற்புறுத்தல் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலைகள் குறைவாக இருந்தன. இதன் தொடர்ச்சியாக உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில் சென்னையும் கொழும்பும் இடம்பெற்றன. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒரு மணி நேரம் விளக்கமாகப் பேசி அனுப்பியபின், 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருக்க, விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 விழுக்காடு. இந்த முடிவு 2008-இல் வெளியானது. இதற்குப் பிறகு வேறு நாடுகளில் செய்த எல்லாச் சோதனைகளிலும் இதே அளவு பலன் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துக்கம் விசாரிப்பது நம்மிடையே கடமையாகவே இருந்துவருகிறது. வந்தவர் ஒவ்வொருவரும், 'எப்படி ஆச்சு?' என்று கேட்க, வீட்டுக்காரர் அதே கதையைப் பதினாறு நாளும் நூறு முறை சொல்கிறார். எரிச்சலாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில், சொல்ல வேண்டியதைச் சொல்லித் தீர்க்க இடம் இருக்கிறது. குறை என்னவென்றால் காரியம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. மூன்றாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் கேட்க ஆள் இல்லை. ஆயினும், துக்கத்தில் இருப்பவரைப் பிடித்து உட்காரவைத்து, 'மனசில் உள்ளதைக் கொட்டிவிடுங்கள்' என்று கட்டாயப்படுத்துவது உதவாது. விபத்து, பேரிடர்களுக்குப் பின் பாதிக்கப்பட்டவர்களை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதனால் நன்மை இல்லை என்றும், சிலருக்குத் தீங்கே நேர்ந்தது என்றும் தெரியவந்ததால் அதைக் கைவிடுமாறு இப்போது பரிந்துரைக்கிறார்கள்.

பேச்சு எல்லாமே மருந்து என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இன்னும் வலுவான சான்று என் வேலையிலேயே இருக்கிறது. 1950-களின் இறுதியிலிருந்து, மனச்சிதைவு நோயிலிருந்து தேறி லண்டன் மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து பார்த்த முன்னர் சொன்ன ஜார்ஜ் பிரவுன், சிலருக்கு நோய் மீண்டும் மீண்டும் வருவதற்கும் வீட்டில் அவர்களைப் பற்றிப் பேசும் தொனிக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார். குறை சொல்லிக்கொண்டே இருப்பது, பகைமை காட்டுவது, அளவுக்கு மீறிக் கவலைப்பட்டு மூச்சுவிட இடமில்லாமல் பொத்திப் பொத்தி வைப்பது ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று மிகுந்திருந்த வீடுகளுக்குப் போனவர்களுக்கே நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. 1980-களில் சண்டிகரில் இதே முறையில் பார்த்தபோது அத்தகைய வீடுகள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன என்பது நாம் சற்று மகிழக்கூடிய செய்தி. முற்றிலும் இல்லாமல் இல்லை.

மூன்றாவது வகையைப் புறநோயாளிப் பிரிவில் நாள்தோறும் காண்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் மகனோடு வந்திருந்தார். "தூக்கம் எப்படி, ஐயா?" என்று கேட்டேன். "ரெண்டு மணிக்கு மேல தூங்கறதே இல்ல சார்" என்றார் மகன். "சாப்பாடு?" என்றேன். "அதெல்லாம் நாங்க கவனிச்சுக்கறோம் சார், அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் மகன், உண்மையான அன்போடுதான். பெரியவர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனை மருந்து வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு, "நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். நீண்ட நேரம் பதில் இல்லை. பிறகு, "பம்ப் செட் மெக்கானிக்" என்றார். அதற்குப் பின் இருபது நிமிடம் போர்வெல் மோட்டார் ஏன் எரிந்துபோகிறது என்பதைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தினார். தூக்கம் வராததன் காரணமும் அந்தப் பாடத்துக்கு நடுவே தானாக வந்து விழுந்தது.

நெருங்கிய தோழிகள் ஒரே வருத்தத்தைத் திரும்பத் திரும்பப் பேசுவதைப் பற்றி அமாண்டா ரோஸ் 2002-இல் எழுதியதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அப்படிப் பேசும் பிள்ளைகளிடம் நட்பின் நெருக்கமும் கூடியிருந்தது, மனச்சோர்வும் பதற்றமும்கூடக் கூடியிருந்தன. ஜிம்பாப்வே பாட்டிமார், 'சரி, இந்த வாரம் என்ன செய்யலாம்?' என்று கேட்பதன் அருமை இதிலிருந்து விளங்கும்.

இனி வாட்ஸ்அப். விஸ்கான்சினில் லெஸ்லி செல்ட்சர் குழுவினர் 7 முதல் 12 வயது வரையிலான சிறுமிகளை முன்பின் தெரியாதவர்கள் எதிரில் மேடைப் பேச்சும் கணக்கும் செய்யவைத்துப் பதற்றப்படுத்திவிட்டு, பிறகு சிலரைத் தாயோடு நேரிலும், சிலரைத் தொலைபேசியிலும், சிலரைக் கணினிக் குறுஞ்செய்தியிலும் பேசவிட்டார்கள்; சிலரை யாரோடும் பேசவிடவில்லை. நேரிலோ தொலைபேசியிலோ தாயின் குரலைக் கேட்டவர்களுக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் குறைந்தது. ஆக்சிடோசின் என்ற சுரப்பு கூடியது. குறுஞ்செய்தியில் பேசியவர்கள் ஏறக்குறைய யாரோடும் பேசாதவர்களைப் போலவே இருந்தார்கள். 2012-இல் வந்த சிறிய ஆய்வு இது, சிறுமிகளை மட்டும் பார்த்தது. இதை வைத்துக் குறுஞ்செய்தியே வீண் என்று தீர்ப்பு எழுதமாட்டேன். ஆனால் உங்கள் தந்தை அனுப்பும் தாமரைப்பூப் படத்துக்கு அத்தையும் சித்தப்பாவும் ஆளுக்கொரு கும்பிடு பொம்மை போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது, 'ஆள் நன்றாக இருக்கிறார்' என்ற வருகைப்பதிவாக மட்டுமே இருக்கிறது. ஒரு நாள் அந்தப் படம் வராவிட்டால் பதறுவீர்கள் என்ற அளவில் அதற்குப் பயன் உண்டு. அதை உரையாடல் என்று கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பழக்கமில்லாதவர்களோடு போகிறபோக்கில் பேசுவதும் கணக்கில் வரும். சிக்காகோ ரயில் பயணிகளிடம் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் செய்த சோதனையில், பக்கத்து இருக்கைக்காரரோடு பேசினால் பயணம் கசக்கும் என்றே பலரும் நினைத்தார்கள்; பேசிப் பார்த்தவர்களோ பேசாதவர்களைவிட இனிமையாகப் பயணம் செய்ததாகச் சொன்னார்கள். பால்காரர், பேப்பர் போடுபவர், காபித்தூள் அரைத்துத் தருபவர் என்று உங்கள் தந்தைக்குக் கும்பகோணத்தில் இப்படிச் சிலர் இருப்பார்கள். அவருடைய வசதிக்காக என்று நினைத்து மளிகை முதல் மருந்து வரை எல்லாவற்றையும் பெங்களூருவிலிருந்தே செயலி வழியாக அனுப்பிவைக்கிறீர்கள் என்றால், அவர் தெருவில் இறங்கி நாலு வார்த்தை பேச இருந்த காரணங்களை நீங்களே பறித்துவிடுகிறீர்கள். காபித்தூளையாவது அவரே போய் வாங்கட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன என்றால், வாரம் ஒருமுறை நீளமாகப் பேச முயல்வதைவிட, வாரத்தில் மூன்று நான்கு முறை சுருக்கமாக அழையுங்கள். 'சாப்பிட்டாச்சா?' என்ற கேள்விக்கு 'ஆச்சு' என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. 'இன்றைக்கு என்ன குழம்பு, அம்மா வைப்பது போல வந்ததா?' என்பதற்கு உண்டு. அம்மாவின் பெயரை எடுத்தால் அவர் உடைந்துவிடுவார் என்று பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். ஆனால் அந்தப் பெயரையே யாரும் எடுக்காத வீட்டில்தான் பெரியவர்கள் மௌனமாகிப் போவதைப் பார்க்கிறேன். போன முறை அவர் சொன்ன ஒன்றை நினைவு வைத்து அடுத்த முறை கேளுங்கள். உங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லி யோசனை கேளுங்கள். பரிதாபத்துக்குரியவராக மட்டுமே நடத்தப்படுவது எவருக்கும் பிடிக்காது.

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் குறைந்திருந்தாலோ, முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் போயிருந்தாலோ, 'நான் இருந்து என்ன பயன், எல்லோருக்கும் பாரம்' என்ற பேச்சு வந்தாலோ, பேச்சை மட்டும் நம்பியிருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதுமையில் வரும் மனச்சோர்வு சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும். உடனடியாகப் பேச ஆள் தேவைப்பட்டால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணும், தமிழ்நாட்டின் 104 என்ற எண்ணும் இருக்கின்றன, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவருடைய காதைப் பரிசோதித்துவிடுங்கள். வயதாகும்போது உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் மங்குகின்றன. அதனால் பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் இன்னும் கடினம். நேரில் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார்கள். தொலைபேசியில் அதற்கு வழியில்லை. 'என்ன, என்ன?' என்று மூன்றாம் முறை கேட்கக் கூச்சப்படுபவர் 'ஆச்சு, ஆச்சு, வைக்கட்டுமா?' என்று முடித்துக்கொள்வது மிக இயல்பு. மறதிநோய் குறித்த லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, தவிர்க்கவோ தணிக்கவோ கூடிய 14 காரணிகளில் செவித்திறன் குறைவும் ஒன்று. காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் ஒரு செவித்திறன் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். அதுவரை வீடியோ அழைப்பில், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, சற்று நிறுத்தி நிறுத்திப் பேசிப் பாருங்கள்.